பழைய மவுண்டன் பைக்: அப்கிரேடா, புதுசா? பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



காலேஜ் டைம்ல வாங்கின எம்டிபி ஒண்ணு பார்க்கிங்ல தூசி படிஞ்சு நிக்குது. இப்போ வேலை இருக்கு, மாசம் பொறந்தா சம்பளம் வருது. ஆபீஸ்ல ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை காலையில ஈசிஆர்ல ரைடு போறாங்க, "நீயும் வா"ங்கறாங்க. ஒரு நாள் பழைய சைக்கிளை எடுத்துட்டுப் போறீங்க. கியர் சரியா விழல, செயின் கடகடன்னு சத்தம் போடுது, மத்தவங்க எல்லாம் முட்டுக்காடு பாலத்துல நின்னு உங்களுக்காக வெயிட் பண்றாங்க. அன்னைக்கு சாயங்காலமே போன்ல தேட ஆரம்பிச்சிடுவோம். புது சைக்கிள் 30,000, 40,000-னு காட்டுது. "வேணாம், பழசையே கொஞ்சம் கொஞ்சமா அப்கிரேட் பண்ணிக்கலாம்"னு தோணும்.

கேக்குறதுக்கு ரொம்ப சிக்கனமான முடிவு மாதிரி இருக்கு இல்லையா? ஆனா பல நேரத்துல மூணு வழியிலயும் அதிக செலவு வைக்கிற வழி அந்த "கொஞ்சம் கொஞ்சமா"தான். வீடியோல இதை அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க முழு கணக்கையும் எழுதுறேன். ஒரு பேப்பர், பேனா எடுத்து வெச்சுக்கோங்க.

முதல்ல, நான் பண்ண தப்பு

என் சைக்கிள் 2016-ல் வாங்கினது. 26 இன்ச் வீல், 21 கியர், விலை 13,500 ரூபாய். 2022-ல் வேலைக்குச் சேர்ந்த பிறகு மறுபடி ஓட்ட ஆரம்பிச்சேன். முன்னாடி ஃபோர்க் கீச்சுக் கீச்சுன்னு சத்தம் போட்டுது. சரி, ஒரு நல்ல ஃபோர்க் மாத்திடலாம்னு 6,800 ரூபாய் போட்டேன். ஓட்டிப் பார்த்தா ஃபோர்க் நல்லா இருக்கு, கியர் மட்டும் மட்டமாத் தெரிஞ்சுது. 9 ஸ்பீடு கேசட் ஒண்ணு 1,900 ரூபாய்க்கு ஆன்லைன்ல வாங்கிட்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பின் வீலைக் கழட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இது திருகு ஹப். இதுல ஃப்ரீவீல்தான் ஏறும், கேசட் ஏறாது. வீலையே மாத்தணும்"னு சொன்னாரு. கேசட் ஏற்கெனவே கையில இருக்கு, வேஸ்ட் பண்ண மனசு வரல. வீல் மாத்தினேன். 9 ஸ்பீடுக்கு ஷிஃப்டரும் டீரெய்லரும் வேற வேணும்னாரு, மாத்தினேன். செயினும் மாத்தணும்னாரு, மாத்தினேன். மொத்த பில் இதுதான்:

- ஃபோர்க்: 6,800
- கேசட் ஹப்போட பின் வீல்: 3,900
- 9 ஸ்பீடு கேசட்: 1,900
- ஷிஃப்டர், டீரெய்லர்: 3,600
- செயின்: 1,100
- கேபிள், லேபர்: 1,400
- மொத்தம்: 18,700 ரூபாய்

13,500 ரூபாய் சைக்கிளுக்கு 18,700 ரூபாய் அப்கிரேட்! ஒரே நாள்ல யாராவது இந்தத் தொகையைக் கேட்டிருந்தா கொடுத்திருக்கவே மாட்டேன். நாலு மாசத்துல நாலஞ்சு தடவையா போனதால வலி தெரியல.

உண்மையான அடி அதுக்கப்புறம்தான். எல்லாம் மாத்தின பிறகும் 30 கிலோமீட்டர் தாண்டினா முட்டி வலி. செட்டிங் ஏதாவது தப்பா இருக்கும்னு மறுபடி அதே கடைக்குப் போனேன். அவரு சைக்கிள் மேல என்னை உக்கார வெச்சுப் பார்த்துட்டு, சீட் கம்பியைக் காட்டினாரு. அதுல "இதுக்கு மேல ஏத்தக் கூடாது"ன்னு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளிய தெரியற அளவுக்கு ஏத்தியும் எனக்கு உயரம் பத்தல. "பிரேம் உனக்குச் சின்னதுப்பா"ன்னாரு. 17 வயசுல வாங்கின சைக்கிள். நான் வளர்ந்துட்டேன், பிரேம் வளரல.

பிரேம் அளவை எந்தப் பார்ட்ஸ் போட்டும் அப்கிரேட் பண்ண முடியாது. அஞ்சு நிமிஷத்துல, பைசா செலவில்லாம கண்டுபிடிச்சிருக்க வேண்டிய விஷயம். 18,700 ரூபாய்க்கு அப்புறம் கண்டுபிடிச்சேன். அதுல பாதி கிரெடிட் கார்டுல போட்டது. அடுத்த மாசம் ரூட் கெனால் பண்ண வேண்டி வந்தப்போ கையில காசு இல்ல, அதுவும் கார்டுதான். மினிமம் ட்யூ கட்டி, வட்டி கட்டி, அந்தக் கடனை முடிக்க எட்டு மாசம் ஆச்சு.

அதனாலதான் இந்தப் பதிவு. இப்போ வரிசையா பார்ப்போம்.

படி 1: பிரேம் பாஸ் ஆகுதா?

சைக்கிள்ல எல்லாத்தையும் மாத்தலாம். பிரேமை மாத்தினா அது வேற சைக்கிள். அதனால முதல் கேள்வி எப்பவும் பிரேமைப் பத்திதான்.

அளவு: சைக்கிளோட மேல் கம்பிக்கு ரெண்டு பக்கமும் கால் வெச்சு, ஷூ போட்டு நில்லுங்க. கம்பிக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு இன்ச்சாவது இடைவெளி இருக்கணும். இல்லேன்னா பிரேம் பெருசு. அடுத்து சீட்ல உக்காந்து, பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை பெடல் மேல வைங்க. கால் நேரா நீளணும். (ஓட்டும்போது முன்பாதத்தை வைப்போம், அப்போ முட்டி லேசா மடங்கும். அதுதான் சரியான உயரம்.) அந்த உயரத்துக்கு ஏத்தும்போது சீட் கம்பியில இருக்கற எல்லைக் கோடு வெளிய தெரிஞ்சா பிரேம் உங்களுக்குச் சின்னது. அந்தக் கோட்டைத் தாண்டி ஓட்டுறது ஆபத்தும் கூட. கம்பி வளையலாம், பிரேமே விரிசல் விடலாம். நீளமான சீட் கம்பி போட்டா உயரம் கிடைக்கும், ஆனா ஹேண்டில்பார் வரைக்கும் இருக்கற நீளம் மாறாது.

விரிசல்: சைக்கிளை நல்லா கழுவித் துடைங்க. கம்பிகள் வெல்டிங் ஆகுற இடம், முக்கியமா ஹேண்டிலுக்குக் கீழயும் பெடல் அச்சுக்குப் பக்கத்துலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. முடி மாதிரி கோடு தெரிஞ்சா அந்த சைக்கிளுக்கு அடுத்த ரூபாய் செலவு பண்ணாதீங்க.

துரு: சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல இருந்தா இது ரொம்ப முக்கியம். உப்புக் காத்துல சீட் கம்பி பிரேமோட ஒட்டிப் பிடிச்சுக்கும். லூஸ் பண்ணித் திருப்பிப் பாருங்க, அசையுதான்னு.

இந்த மூணுல ஒண்ணு ஃபெயில் ஆனாலும், அப்கிரேட் பேச்சு முடிஞ்சுது. நேரா படி 5-க்குப் போங்க.

படி 2: எங்க ஓட்டுறீங்க?

"எங்க ஓட்டப் போறேன்"னு கேட்டா மனசு உடனே கொல்லிமலை, ஊட்டின்னு போயிடும். அதனால போன ரெண்டு மாசம் எங்க ஓட்டினீங்கன்னு மட்டும் எழுதுங்க. எத்தனை நாள், எவ்வளவு தூரம், தார் ரோடா மண் பாதையா.

நம்மள்ல பெரும்பாலானவங்க பதில் ஒண்ணுதான் இருக்கும்: தார் ரோடு. ஆபீஸ், கடை, ஞாயித்துக்கிழமை ஈசிஆர். அப்படின்னா 6,800 ரூபாய் ஃபோர்க் உங்களுக்குப் பெருசா எதுவும் பண்ணாது. தார் ரோட்டுல உங்க வேகத்தைத் தின்கிறது டயர்ல இருக்கற கட்டை கட்டையான பட்டன்தான். அது சேத்துலயும் மண்ணுலயும் பிடிமானத்துக்காக இருக்கறது. அதைக் கழட்டிட்டு 26 x 1.5 அல்லது 1.75 சைஸ்ல வழவழ டயர் ரெண்டு போட்டுப் பாருங்க. எம்டிபியை ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு, கொடுக்குற காசுக்கு இவ்வளவு வித்தியாசம் தெரியற மாத்தம் வேற இல்ல. கூடவே வாரம் ஒரு தடவை காத்து அடிங்க. டயரோட பக்கத்துலயே எவ்வளவு அழுத்தம்னு எழுதியிருக்கும். பாதி பேருக்கு "சைக்கிள் பழசாயிடுச்சு"ங்கறது உண்மையில "டயர்ல காத்து இல்ல"ங்கறதுதான்.

படி 3: செலவை மூணு டப்பாவில் பிரிங்க

சைக்கிளுக்குப் பண்ற செலவு எல்லாம் ஒண்ணு கிடையாது. என் பில்லைப் பார்த்து நான் கத்துக்கிட்டது இந்தப் பிரிவுதான்.

*டப்பா 1, தேய்மானம்:* செயின், பிரேக் கட்டை, கேபிள், டயர், டியூப், பேரிங் கிரீஸ். இது அப்கிரேட் இல்ல, ஓட்டினதுக்கான வாடகை. புது சைக்கிள் வாங்கினாலும் இந்தச் செலவு வரும். பிரேம் நல்லா இருந்தா யோசிக்காம பண்ணுங்க.

செயின் தேஞ்சிருக்கான்னு வீட்டு ஸ்கேல்லயே பார்க்கலாம். புது செயின்ல ஒரு பின்னோட நடுவுல ஆரம்பிச்சு 24 கண்ணி தாண்டினா சரியா 12 இன்ச் வரும். அது 12 இன்ச்சுக்கு மேல 1/16 இன்ச் அதிகமாகிட்டா செயின் மாத்துற நேரம். 1/8 இன்ச் அதிகமாகியும் ஓட்டிக்கிட்டிருந்தா, தேஞ்ச செயின் பல்சக்கரத்தையும் சேத்துத் தேய்ச்சிருக்கும். அப்போ செயினோட ஃப்ரீவீலையும் மாத்தணும். சரியான நேரத்துல செயின் மட்டும் மாத்தியிருந்தா ஃப்ரீவீல் செலவு மிச்சம். கிரெடிட் கார்டு பில் மாதிரிதான், தள்ளிப் போட்டா கூடும்.

*டப்பா 2, கூட வர்றது:* ஹெல்மெட், லைட், பூட்டு, பம்ப், நல்ல சீட், நல்ல பெடல். நாளைக்கே இந்த சைக்கிளை வித்தாலும் இதையெல்லாம் கழட்டி அடுத்த சைக்கிள்ல போட்டுக்கலாம். (சீட்டும் பெடலும் அளவு பொருந்துதான்னு மட்டும் பாத்துக்கோங்க.) புதுசு வாங்குறதா இல்லையான்னு குழப்பமா இருந்தா, முதல் காசை இந்த டப்பாவில் போடுங்க. எந்த முடிவு எடுத்தாலும் நஷ்டம் இல்ல.

*டப்பா 3, மாட்டிக்கிறது:* ஃபோர்க், வீல், கியர் செட், டிஸ்க் பிரேக். இந்தக் காசு இந்த சைக்கிளோட ஒட்டிக்கும். விக்கும்போது "18,700 ரூபாய்க்கு அப்கிரேட் பண்ணியிருக்கேன்"னு சொன்னா வாங்குறவர் தலையாட்டுவாரு, விலை மட்டும் ஏறாது. நான் 2024-ல் வித்தப்போ கிடைச்சது 6,000 ரூபாய். பார்ட்ஸ் கழட்டி புது சைக்கிளுக்குப் போடலாம்னு நினைக்காதீங்க. அதுவும் பெரும்பாலும் நடக்காது. ஏன்னு அடுத்து பார்ப்போம்.

படி 4: ஒரு பார்ட்ஸ் எத்தனை பார்ட்ஸைக் கூப்பிடும்?

டப்பா 3-ல கை வைக்கறதுக்கு முன்னாடி இந்த நாலையும் பாருங்க. கடைக்காரர்கிட்ட காட்டினா பத்து நிமிஷத்துல சொல்லிடுவாரு.

1. பின் ஹப்: 21 கியர்ல வர்ற பல பட்ஜெட் சைக்கிள்ல 7 ஸ்பீடு ஃப்ரீவீல் திருகி மாட்டியிருக்கும். 9 ஸ்பீடு, 10 ஸ்பீடு கேசட்டுக்கு வேற ஹப், அதாவது வேற வீல் வேணும். கூடவே ஷிஃப்டர், டீரெய்லர், செயின். நான் மாட்டின அதே வலை.

2. ஃபோர்க் கழுத்து: பழைய பிரேம்ல ஹேண்டில் பக்கம் போற குழாய் மேலேயும் கீழேயும் ஒரே அகலம், 1-1/8 இன்ச். இப்போ வர்ற நல்ல ஃபோர்க்குகள் பலதும் கீழ 1.5 இன்ச்சுக்கு அகலமாகிப் போற கூம்பு வடிவம். பழைய பிரேம்ல நுழையாது. அப்படியே பொருந்தினாலும், 80 அல்லது 100 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்காகச் செஞ்ச பிரேம்ல 140 போட்டா முன்பக்கம் தூக்கிக்கிட்டு ஸ்டியரிங் குணமே மாறிடும்.

3. வீல் சைஸ்: 2013, 2014-க்கு அப்புறம் மவுண்டன் பைக் உலகம் 27.5, 29 இன்ச்சுக்கு நகர்ந்துடுச்சு. 26 இன்ச் டயரும் டியூபும் நம்ம ஊர்ல தாராளமா கிடைக்குது, அதனால ஓட்டுறதுக்குப் பிரச்சினை இல்ல. ஆனா நல்ல ஃபோர்க், நல்ல வீல் தேடினா சாய்ஸ் குறைவு. பின் அச்சோட அகலமும் பழசுல 135 மில்லிமீட்டர், இப்போ வர்ற நல்ல எம்டிபிகள் பலதுல 148. அதனாலதான் இன்னைக்கு வாங்குற வீல் நாளைக்கு வாங்குற சைக்கிளுக்குப் போகாது.

4. டிஸ்க் பிரேக்: பிரேம்ல டிஸ்க் மாட்டுற இடம் இருக்கணும், ஹப்புலயும் இருக்கணும். இல்லேன்னா அந்த ஆசையை விட்டுடுங்க. தார் ரோட்டுக்கு ரிம் பிரேக்கே போதும். புதுக் கட்டையும் புதுக் கேபிளும் போட்டா நல்லா பிடிக்கும். மழையில மட்டும் கொஞ்சம் முன்னாடியே பிடிக்கப் பழகிக்கணும்.

இதுல குறுக்கு வழியும் இருக்கு. மேட்டுல மூச்சு வாங்குதுன்னுதானே கியர் மாத்தணும்னு தோணுது? 14-28 ஃப்ரீவீலுக்குப் பதிலா 14-34 பல் உள்ள 7 ஸ்பீடு ஃப்ரீவீல் கிடைக்குது. அதே ஹப், அதே ஷிஃப்டர். முன்னாடி 24 பல் சக்கரம் இருந்தா, கடைசி கியர் 24/28, அதாவது 0.86-ல் இருந்து 24/34, அதாவது 0.71-க்கு இறங்கும். மேடு ஏற சுமார் 18 சதவீதம் லேசு. உங்க டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமான்னு மட்டும் கேட்டுக்கோங்க. செயின் நீளம் கூடலாம், அதையும் கேளுங்க. எப்படியும் பத்தாயிரம் ரூபாய் வேலைக்குப் பதிலா சில நூறு, அதிகபட்சம் ஒண்ணு ரெண்டாயிரத்துல முடியும்.

ஒரு ரூல் வெச்சுக்கோங்க: முதல் பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி கடைசி பார்ட்ஸ் வரைக்கும் பில் எழுதணும். லேபரோட சேத்து. அந்த மொத்தத் தொகையை ஒரே தடவையா கொடுக்க மனசு வருமான்னு கேளுங்க. வரலேன்னா முதல் பார்ட்ஸே வேண்டாம்.

படி 5: மூணு வழி, மூணு வருஷம்

இப்போ நிஜக் கணக்கு. கீழ இருக்கறது உதாரண எண்கள். உங்க கடைக்காரர் சொல்ற விலையைப் போட்டு நீங்களே போட்டுக்கோங்க. பழைய சைக்கிளை இன்னைக்கு வித்தா 4,000 ரூபாய் கிடைக்கும்னு வெச்சுப்போம். வருஷாந்திர பராமரிப்பு எந்த சைக்கிளுக்கும் 1,500. முதல் வருஷம் புதுசாவோ புதுசு மாதிரியோ இருக்கறதால ரெண்டாவது, மூணாவது வருஷத்துக்கு மட்டும் 3,000.

வழி 1, சர்வீஸ் பண்ணி ஓட்டுறது. முழு ஓவராயிலிங் லேபர் 1,200, செயின் 500, ஃப்ரீவீல் 600, கேபிள் 300, பிரேக் கட்டை 300, வழவழ டயர் ரெண்டு 1,300. மொத்தம் 4,200. பராமரிப்பு 3,000. இன்னைக்கு 4,000-க்குப் போற சைக்கிள் மூணு வருஷம் கழிச்சு 1,500-க்குத்தான் போகும், அந்த 2,500-ம் செலவுதான். ஆக மொத்தம் 9,700 ரூபாய்.

வழி 2, முழு அப்கிரேட். என் பில் 18,700. பராமரிப்பு 3,000. சைக்கிள் மதிப்பு 4,000-ல் இருந்து 3,500 ஆகுதுன்னு தாராளமா வெச்சாலும் 500 குறையும். ஆக மொத்தம் 22,200 ரூபாய்.

வழி 3, பழசை வித்துட்டு புதுசு. சைக்கிள் 32,000. பராமரிப்பு 3,000. மூணு வருஷம் கழிச்சு 14,000-க்கு வித்தா, 32,000 + 3,000 - 14,000. ஆக மொத்தம் 21,000 ரூபாய்.

பார்த்தீங்களா? "கொஞ்சம் கொஞ்சமா அப்கிரேட்" புதுசை விட அதிகம். அவ்வளவு செலவு பண்ணியும் கையில இருக்கறது பழைய பிரேம், வாரண்டி இல்லாத சைக்கிள்.

இன்னொண்ணும் கவனிங்க. நான் 2016-ல் கொடுத்த 13,500 இந்தக் கணக்குல எங்கயுமே வரல. அது போன காசு. "இவ்வளவு போட்டாச்சே"ங்கற எண்ணம்தான் என்னை கேசட்ல இருந்து வீலுக்கு, வீல்ல இருந்து ஷிஃப்டருக்கு இழுத்துட்டுப் போச்சு. நஷ்டத்துல இருக்கற ஷேரை ஆவரேஜ் பண்றேன்னு மேல மேல வாங்குறவங்களுக்கும் இதேதான் நடக்குது.

இப்போ நிஜமான போட்டி வழி 1-க்கும் வழி 3-க்கும்தான். வித்தியாசம் 11,300 ரூபாய், 36 மாசத்துக்கு. மாசம் சுமார் 314 ரூபாய். கேக்க சின்னதா இருக்கு. ஆனா அதை எத்தனை ரைடால வகுக்குறோம்ங்கறதுதான் பதில்:

- வருஷம் 40 ரைடு போனா, மூணு வருஷத்துல 120 ரைடு. ஒரு ரைடுக்கு கூடுதல் செலவு 94 ரூபாய்.
- வருஷம் 10 ரைடு போனா, 30 ரைடு. ஒரு ரைடுக்கு 377 ரூபாய்.

94 ரூபாய்னா ரைடு முடிஞ்சு சாப்பிடுற பொங்கல், வடை, காபி செலவு. வாராவாரம் போறவர் தாராளமா வாங்கலாம். வருஷத்துக்கு பத்து நாள் எடுக்குறவருக்கு அது தேவையில்லாத செலவு. மறுவிற்பனை விலை 14,000 கிடைக்காம 10,000-தான் கிடைச்சா வித்தியாசம் 15,300, மாசம் 425 ஆகும். அதையும் போட்டுப் பாருங்க. எப்பவும் விக்கிற விலையைக் குறைச்சுப் போட்டுக் கணக்குப் பண்றது நல்லது.

படி 6: 90 நாள் டெஸ்ட்

"நான் வாராவாரம் போவேன்"னு நாம எல்லாருமே சொல்வோம். ஜிம் மெம்பர்ஷிப் எடுக்கும்போதும் அதையேதான் சொன்னோம். அதனால பிரேம் அளவு சரியா இருந்தா, வழி 1 செலவை மட்டும் பண்ணி 90 நாள் ஓட்டுங்க. ஒவ்வொரு ரைடையும் போன்ல குறிச்சு வைங்க. தேதி, தூரம், எதுல கஷ்டமா இருந்துது.

90 நாள் முடிவுல:

- 10 ரைடுக்கு மேல போயிருந்தா, வருஷத்துக்கு 40 ரைடுங்கற கணக்கு உங்களுக்குப் பொருந்தும். புதுசைப் பத்தி தைரியமா யோசிக்கலாம்.
- 4 ரைடுக்குக் கீழன்னா, பிரச்சினை சைக்கிள்ல இல்ல. நேரத்துல இருக்கு, இல்ல தூக்கத்துல இருக்கு. 32,000 ரூபாய் உங்களைக் காலை 5 மணிக்கு எழுப்பாது.
- நடுவுல இருந்தா, பழசையே ஓட்டுங்க. இன்னொரு 90 நாள் பாருங்க.

அந்த மூணு மாசக் குறிப்பு இன்னொரு வேலையும் செய்யும். தார் ரோட்டுல மட்டும்தான் ஓட்டியிருக்கீங்கன்னு தெரிஞ்சா, வாங்க வேண்டிய புது சைக்கிள் எம்டிபியே கிடையாது. சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் போதும். அதே விலைக்கு லேசா இருக்கும், கியரும் பிரேக்கும் ஒரு படி நல்லதா வரும். ஃபோர்க் சஸ்பென்ஷனுக்குக் கொடுக்குற காசு மிச்சம்.

பிரேம் சின்னதா இருக்கறவங்க இந்த டெஸ்டை பழைய சைக்கிள்ல பண்ணாதீங்க, முட்டி போயிடும். நண்பர்கிட்ட உங்க அளவு சைக்கிள் கடன் வாங்கியோ, வாடகைக்கு எடுத்தோ நாலஞ்சு ரைடு போய்ப் பாருங்க.

படி 7: காசு எங்கிருந்து வருது?

புதுசுன்னு முடிவாயிடுச்சுன்னா இதுதான் கடைசிக் கேள்வி.

முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட். மாசச் செலவு 22,000-னா மூணு மாசத்துக்கு 66,000 தனியா இருக்கணும். அது இல்லாம சைக்கிள் வாங்கினா, அடுத்து வர்ற பல்லுவலி கார்டுல ஏறும். அனுபவத்துல சொல்றேன்.

அடுத்து, நோ காஸ்ட் இஎம்ஐ. பேருதான் நோ காஸ்ட். பேங்க் வட்டி போடுது, அந்த வட்டி அளவுக்கு கடைக்காரர் விலையில தள்ளுபடி கொடுக்குறாரு. ஆனா வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில. வட்டி 2,500-னா ஜிஎஸ்டி 450. பல கார்டுல பிராசஸிங் ஃபீஸும் உண்டு, அதுக்கும் ஜிஎஸ்டி. மொத்தக் காசு கொடுத்தா கடையில கிடைக்கக் கூடிய தள்ளுபடியும் போயிடும். ரெண்டு விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்க.

என் ஆலோசனை ரொம்ப சிம்பிள். பழசை வித்தா 4,000 வரும், மீதி வேண்டியது 28,000. பேங்க்ல 12 மாச ஆர்டி ஒண்ணு, மாசம் 2,350 ரூபாய். சம்பளம் வந்த அடுத்த நாள் ஆட்டோ டெபிட். 12 மாசத்துல 28,200, வட்டி தனி. அதுவரைக்கும் சர்வீஸ் பண்ணின பழைய சைக்கிள் ஓடிக்கிட்டிருக்கும். நடுவுல தீபாவளி போனஸ் வந்தா இன்னும் சீக்கிரம் முடியும். மாசம் 2,350 எடுத்து வைக்கறதே கஷ்டமா இருந்தா, அந்த சைக்கிள் இப்போதைக்கு உங்க பட்ஜெட் இல்லேன்னு அர்த்தம். இஎம்ஐ போட்டிருந்தா இந்த உண்மை வாங்கினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சிருக்கும்.

விலை பார்க்கும்போது ஒரு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதோட பார்ட்ஸுக்கும் ஜிஎஸ்டி 12-ல் இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி எழுதின விலையை வெச்சுப் பேசாதீங்க, பில்லுல 5 சதவீதம்தான் போட்டிருக்கான்னு பாருங்க.

செகண்ட் ஹேண்டும் நல்ல வழி. நாம 90 நாள் டெஸ்ட் பண்றோம், பல பேர் நேரா வாங்கிட்டு 90 நாள்ல விக்குறாங்க. அவங்க நஷ்டம் உங்க லாபம். ஒரிஜினல் பில் கேளுங்க, பிரேம் நம்பர் பொருந்துதான்னு பாருங்க, படி 1-ல சொன்ன மூணு சோதனையையும் பண்ணுங்க.

எதை வாங்கினாலும் மூணு கேள்வி கேளுங்க. பின் ஹப் கேசட் வகைதானா? எம்டிபின்னா ஃபோர்க் கழுத்து கூம்பு வடிவமா? டிஸ்க் பிரேக் ஹைட்ராலிக்கா, கேபிளா? கடைசி ரெண்டுக்கு "ஆமா"ன்னு பதில் வரலேன்னாலும் பரவாயில்ல, ஹப் மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க. நாலு வருஷம் கழிச்சு கியர் மாத்தணும்னு தோணினா கதவு திறந்திருக்கும்.

சுருக்கமா

- பிரேம் சின்னது, விரிசல், பிடிச்சுக்கிட்ட துரு: அப்கிரேட் வேண்டாம். காசு சேத்து புதுசு, இல்ல செகண்ட் ஹேண்ட்.
- பிரேம் சரி, ரோட்டுல மட்டும் ஓட்டம்: சர்வீஸ், வழவழ டயர், 90 நாள்.
- மேடு மட்டும்தான் கஷ்டம்: 14-34 ஃப்ரீவீல்.
- ஃபோர்க், வீல், கியர் செட்டுல ரெண்டுக்கு மேல மாத்தணும்: புதுசோட விலையை ஒப்பிடாம கை வைக்காதீங்க.
- மாசத்துக்கு ஒரு ரைடு கூட இல்ல: எதுவும் வாங்காதீங்க. காத்து அடிங்க.

அந்தப் பழைய சைக்கிளை வித்த அன்னைக்கு எனக்கு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துது. அப்பா பிளஸ் டூ முடிச்சதும் வாங்கிக் கொடுத்தது. வாங்கிட்டுப் போனது ஒரு பத்தாம் கிளாஸ் பையன், அவனுக்கு பிரேம் அளவு கச்சிதமா இருந்துது. ஏறி உக்காந்து ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து, "கியர் சூப்பரா விழுதுண்ணா"ன்னான். 18,700 ரூபாய்க்கு அப்புறம் விழாமலா இருக்கும்!

உங்க மூணு நம்பரையும் கமெண்ட்ல போடுங்க: சர்வீஸ் பில் எவ்வளவு, பழசு எவ்வளவுக்குப் போகும், போன ரெண்டு மாசத்துல எத்தனை ரைடு. மூணாவது நம்பரை மட்டும் உண்மையா போடுங்க. மத்த ரெண்டையும் சேத்து கணக்குப் போட்டுக்கலாம்.